ஆட்டுப்பால் ஃபார்முலாவா, வேறு வழியா? கைக்குழந்தையின் வயிற்றுத் தொல்லைக்கு ஓர் ஒப்பீடு

பிறந்து ஆறு வாரமான குழந்தை மாலை ஆறு மணிக்கு அழத் தொடங்கினால் ஒன்பது மணிவரை ஓய்வதில்லை. முகம் சிவக்கிறது, கால்களை வயிற்றோடு மடக்குகிறது, வயிறு விம்மியிருக்கிறது, அவ்வப்போது காற்றுப் பிரிகிறது. பாட்டி மாந்தம் என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் பால் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார். சிங்கப்பூரிலோ மெல்போர்னிலோ இருக்கும் உறவினர், அங்கே கடை அலமாரியில் எளிதாகக் கிடைக்கும் ஆட்டுப்பால் ஃபார்முலா (தாய்ப்பாலுக்கு மாற்றாகக் கைக்குழந்தைக்கெனத் தயாரிக்கப்படும் பால்மாவு) டப்பாவின் படத்தை அனுப்பி, இதற்கு மாற்றியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்கிறார். மாற்றலாமா, கூடாதா என்ற கேள்வியோடு பல பெற்றோர் எழுதுகிறார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முறையாகத் தயாரிக்கப்பட்ட ஆட்டுப்பால் ஃபார்முலா, பசும்பால் ஃபார்முலாவுக்கு நிகரான ஓர் உணவு. அதற்கு மேலான மருந்து அல்ல. ஆகவே அதைக் கொடுக்கலாமா என்று கேட்பதற்கு முன், எந்தத் தொல்லைக்காகக் கொடுக்கப் போகிறோம் என்று கேட்க வேண்டும். சில தொல்லைகளுக்கு அது தீங்கற்ற ஒரு முயற்சி. சிலவற்றுக்கு வீண் செலவு. ஒவ்வாமை என்ற ஒன்றுக்கு மட்டும் அது ஆபத்தான தேர்வு.

## முதலில் தொல்லைக்குப் பெயர் வைப்போம்

மாந்தம் என்ற ஒரே சொல்லுக்குள் நாம் அடைத்துவிடும் நிலைகள் குறைந்தது ஐந்தாறு உண்டு. அவற்றின் காரணமும் வேறு, போக்கும் வேறு.

முதலாவது கோலிக் எனப்படும் ஓயாத அழுகை. 1954-இல் மாரிஸ் வெசல் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் இதற்கு ஒரு மூன்றின் கணக்கைத் தந்தார்: நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் அழுகை. இன்று வரையறைகள் சற்று மாறியிருந்தாலும் அதன் போக்கு மாறவில்லை. இரண்டாம் மூன்றாம் வாரத்தில் தொடங்கி, ஆறாவது வாரத்தையொட்டி உச்சத்தைத் தொட்டு, மூன்று நான்கு மாதத்துக்குள் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடுகிறது.

இரண்டாவது, பால் கக்குதல். இரைப்பையின் மேல்வாய் இன்னும் இறுகாத வயதில், படுக்க வைத்ததும் கடைவாயில் பால் வழிவது இயல்பு. இது நான்காம் மாதத்தில் மிகுந்து, ஒரு வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளிடம் நின்றுவிடும். எடை ஒழுங்காக ஏறும் குழந்தை கக்கினால் சிரமம் துணி துவைப்பவருக்குத்தான்.

மூன்றாவது, முக்குதல். பத்து நிமிடத்துக்கு மேல் முக்கி, அழுது, சிவந்து, கடைசியில் இளகிய மலத்தையே கழிக்கும் குழந்தைக்கு மலச்சிக்கல் இல்லை. வயிற்றை அழுத்தும்போது ஆசனவாயைத் தளர்த்த வேண்டும் என்ற ஒத்திசைவை அது இன்னும் கற்கவில்லை, அவ்வளவுதான். மலம் ஆட்டுப் புழுக்கை போல உருண்டையாக, கட்டியாக வந்தால்தான் மலச்சிக்கல். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை, முதல் மாதம் கடந்த பின், நாளுக்கு ஐந்து முறை போனாலும் வாரத்துக்கு ஒருமுறை போனாலும் மலம் இளகலாக இருக்கும்வரை கவலையில்லை.

நான்காவது, பசும்பால் புரத ஒவ்வாமை. கைக்குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இருக்கலாம் என்று பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. மலத்தில் இரத்தக் கீற்று, சளி, விடாத வாந்தி, தோலில் தடிப்பு அல்லது கரப்பான், எடை ஏறாமை ஆகியவை இதன் அடையாளங்கள். ஐந்தாவது, லாக்டோஸ் எனப்படும் பால் சர்க்கரை செரியாமை. இந்தப் பெயர் ஊரெல்லாம் புழங்குகிறதே தவிர, பிறவியிலேயே லாக்டோஸ் செரிக்காத குழந்தை மிக மிக அரிது. கடுமையான வயிற்றுப்போக்குக்குப் பிறகு குடலின் உட்சுவர் புண்பட்டு, சில வாரங்களுக்கு லாக்டோஸ் செரியாமல் போவதே நாம் காணும் வகை. குடல் ஆறியதும் அது சரியாகிவிடும்.

இந்தப் போக்குகளைத் தெரிந்துகொள்வதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. ஆறாவது வாரத்தில் அழுகை உச்சத்தில் இருக்கும்போதுதான் பெற்றோர் பொறுமை இழந்து பாலை மாற்றுகிறார்கள். எட்டாவது வாரத்தில் சரியாகவில்லை என்று மறுபடி மாற்றுகிறார்கள். பன்னிரண்டாவது வாரத்தில் மூன்றாவது டப்பா திறந்திருக்கும்போது அழுகை அடங்குகிறது. புகழ் மூன்றாவது டப்பாவுக்குப் போகிறது. உறவினர் பொய் சொல்லவில்லை. அவர் கண்டதைத்தான் சொன்னார். ஆனால் கண்டது பாலின் வேலையா, நாளின் வேலையா என்று ஒரு குழந்தையை மட்டும் வைத்துச் சொல்ல வழியில்லை.

## எதைக் கொண்டு எடைபோடுவது?

ஒவ்வொரு வழியையும் ஐந்து கேள்விகளால் அளக்கிறேன். குழந்தையின் வளர்ச்சிக்குத் தேவையானது முழுமையாக அதில் இருக்கிறதா? குறிப்பிட்ட அந்தத் தொல்லைக்கு அது உதவும் என்பதற்குச் சான்று உண்டா? ஒவ்வாமை இருந்தால் அது பாதுகாப்பானதா? மாதக் கணக்கில் தடையில்லாமல் கிடைக்குமா, கட்டுப்படியாகுமா? கடைசியாக, அதைத் தொடங்குவதால் தாய்ப்பால் குறையுமா? இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். புட்டி ஒரு வேளையைப் பிடித்துக்கொண்டால் மார்பும் அந்த வேளைக்கான பாலைக் குறைத்துக்கொள்ளும். மாலை அழுகைக்காகத் தொடங்கிய ஒரு புட்டி, இரண்டு மாதத்தில் தாய்ப்பாலையே நிறுத்திவிட்ட வீடுகள் ஏராளம். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வயிற்றுத் தொல்லை என்பது மட்டுமே அதை நிறுத்தப் போதுமான காரணம் ஆகாது.

## முதல் வழி: பாலை மாற்றாமல், கொடுக்கும் முறையை மாற்றுவது

செலவே இல்லாத இந்த வழியைத்தான் முதலில் முயல வேண்டும். நடைமுறையில் இது கடைசியாகத்தான் முயலப்படுகிறது.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தை காம்பை மட்டும் கவ்வாமல் கருவட்டத்தையும் சேர்த்துக் கவ்வுகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் முழுவதும் வடிந்த பிறகே மறுபக்கம் மாற்றுங்கள். அவசரமாக இரு பக்கமும் மாற்றி மாற்றிக் கொடுத்தால், கொழுப்பு குறைந்த முன்பாலை மட்டும் நிறையக் குடித்து, குழந்தை பச்சையாக நுரையோடு மலம் கழிக்கும்; அதைக் கண்டு பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

புட்டிப்பாலில் பிழைகள் இன்னும் அதிகம். மாவை ஸ்கூப்பில் அழுத்தி அடைப்பதும், குழந்தை கொழுக்கட்டும் என்று அரை ஸ்கூப் கூட்டிப் போடுவதும் பாலைக் கெட்டியாக்கி மலச்சிக்கலைத் தரும். டப்பா நீண்ட நாள் வரட்டும் என்று நீர் கூட்டுவது அதைவிட ஆபத்தானது. முதலில் நீரை அளந்து ஊற்றி, அதன் மேல் தட்டி மட்டமாக்கிய ஸ்கூப்பைப் போட வேண்டும். ஒரு ஸ்கூப்புக்கு எத்தனை மில்லி என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒரு டப்பாவின் ஸ்கூப்பை மற்றொன்றில் பயன்படுத்தக் கூடாது. ஃபார்முலா மாவு கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல என்பதால், கொதித்து 70 டிகிரிக்குக் கீழே இறங்காத நீரில் கலக்கி, பிறகு ஆற வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்து முடிக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2007-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். குலுக்கிய நுரையோடு கொடுத்தால் வயிற்றுக்குள் காற்றையும் சேர்த்தே ஊட்டுகிறோம்; நுரை அடங்கும்வரை பொறுத்திருங்கள். நிப்பிளின் துளை பெரிதாக இருந்தால் குழந்தை மடக்கு மடக்கென்று விழுங்கித் திணறும். நம் ஊர்ப் பாலாடையால் பொறுமையாகப் புகட்டினால் புட்டியைக் கழுவிக் கொதிக்க வைக்கும் வேலையும் குறைகிறது.

இதற்கிடையில் ஓமத்தண்ணீர், கிரைப் வாட்டர், வசம்பு உரைத்த உரைமருந்து என்று மூன்று நான்கு ஒரே நேரத்தில் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தால், எதனால் நன்மை, எதனால் தீமை என்று பிரித்தறிய இயலாது. அவற்றில் எதையும் தேனில் குழைத்துத் தரவே கூடாது; ஒரு வயதுக்கு முன் தேன் கொடுப்பது பொட்டுலிசம் என்ற நரம்பு நச்சு நோய்க்கு வழி திறக்கும்.

கோலிக், கக்குதல், முக்குதல் ஆகிய மூன்றுக்கும் இந்த வழியே பெரும்பாலும் போதும். இதன் மறைசெலவு பெற்றோரின் தூக்கம். அது சிறிய விலை என்று நான் சொல்லமாட்டேன். மாலை மூன்று மணி நேரம் குழந்தையைத் தோளில் சுமக்க வீட்டில் இன்னொருவர் இருந்தால்தான் இந்த வழி நிலைக்கும்.

## இரண்டாம் வழி: ஆட்டுப்பால் ஃபார்முலா

ஆட்டுப்பால் ஃபார்முலா வேறு, ஆட்டுப்பால் பவுடர் வேறு. முன்னது, ஆட்டுப்பாலை அடிப்படையாகக் கொண்டு, லாக்டோஸ், தாவர எண்ணெய், இரும்பு, ஃபோலிக் அமிலம், வைட்டமின்கள் ஆகியவற்றைச் சேர்த்துக் கைக்குழந்தைக்கு ஏற்ற அளவில் அமைக்கப்பட்டது. பின்னது, பாலை உலர்த்தித் தூளாக்கியது மட்டுமே. இயற்கை அங்காடிகளிலும் இணையத்திலும் அதுவும் டப்பாவில்தான் வருகிறது. ஒரு வயதுக்குக் கீழ் பின்னதைக் கொடுக்கவே கூடாது. டப்பாவில் பிறந்தது முதல் ஆறு மாதம் வரைக்கான ஃபார்முலா என்ற குறிப்பு இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

ஃபார்முலாவைப் பொறுத்தவரை, வளர்ச்சி குறித்த கவலை தேவையில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் முன்பு சான்று போதாது என்று தயங்கியது. 2012-இல்தான் ஆட்டுப்பால் புரதம் கைக்குழந்தை ஃபார்முலாவுக்கு ஏற்றது என்று கருத்துரைத்தது. 2014-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், ஏறத்தாழ 200 குழந்தைகளை இரு பிரிவாக்கி, எந்தப் பிரிவுக்கு எந்த ஃபார்முலா என்று பெற்றோருக்கும் ஆய்வாளருக்கும் தெரியாதபடி கொடுத்துப் பார்த்தார்கள். ஆட்டுப்பால் குடித்தவர்களும் பசும்பால் குடித்தவர்களும் ஒரே போல வளர்ந்தார்கள்.

செரிமானம் பற்றிய வாக்குறுதிகளில் உண்மையும் மிகையும் கலந்திருக்கின்றன. ஆட்டுப்பாலில் ஆல்ஃபா எஸ்1 கேசின் என்ற புரதம் பொதுவாகக் குறைவு. அதனால் இரைப்பை அமிலத்தில் அது திரியும்போது உண்டாகும் தயிர்க்கட்டி மென்மையாக இருக்கிறது. அதன் கொழுப்புத் துளிகளும் பசும்பாலில் உள்ளவற்றைவிடச் சிறியவை. இவை ஆய்வுக்கூடத்தில் மெய்தான். ஆனால் கறந்த பாலின் பண்பு டப்பாவுக்குள் அப்படியே வருவதில்லை: ஃபார்முலா தயாரிக்கும்போது பசும்பாலின் கொழுப்பும் அழுத்தத்தால் உடைக்கப்பட்டுச் சிறு துளிகளாகிறது, பல பசும்பால் ஃபார்முலாக்களில் கேசினின் பங்கைக் குறைத்து மோர்ப்புரதம் கூட்டப்படுகிறது, ஆட்டுப்பால் ஃபார்முலாவிலும் கொழுப்பின் ஒரு பகுதியோ முழுவதுமோ தாவர எண்ணெயாக இருக்கிறது. இரண்டுக்கும் இடையே ஆரம்பத்தில் இருந்த இடைவெளி ஆலையிலேயே பாதி மூடிவிடுகிறது.

லாக்டோஸ் குறைவு என்ற வாதமும் இங்கே நிற்காது. கறந்த ஆட்டுப்பாலில் லாக்டோஸ் பசும்பாலைவிடச் சற்றுக் குறைவு, அவ்வளவே. தாய்ப்பாலில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 7 கிராம் லாக்டோஸ் உண்டு. அந்த அளவை ஒட்டி வரவேண்டும் என்பதற்காக ஃபார்முலாவில் லாக்டோஸை வெளியிலிருந்தே சேர்க்கிறார்கள்.

சில குழந்தைகளுக்கு மாற்றியதும் மலம் இளகுவது ஏன் என்று கேட்கலாம். பாமாயிலிலிருந்து வரும் பால்மிடிக் அமிலம் குடலில் கால்சியத்தோடு சேர்ந்து சோப்புப் போன்ற பொருளாகி மலத்தை இறுகச் செய்கிறது. பாமாயில் மிகுந்த ஒரு பசும்பால் ஃபார்முலாவிலிருந்து, பால் கொழுப்பு மிகுந்த ஓர் ஆட்டுப்பால் ஃபார்முலாவுக்கு மாறினால் மலம் இளகக்கூடும். ஆனால் அந்த நன்மை கொழுப்பால் வந்தது, ஆட்டால் வந்ததல்ல. பாமாயில் இல்லாத பசும்பால் ஃபார்முலாவும் அதே வேலையைப் பாதி விலையில் செய்யக்கூடும். டப்பாவின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்துப் பொருட்பட்டியல் பயன் தருவது இங்கேதான். இந்தியாவில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் கைக்குழந்தைப் பால் மாற்றுகளின் விளம்பரத்தைத் தடைசெய்திருக்கிறது. டப்பாவில் குழந்தையின் படம்கூட இருக்கக் கூடாது. அதனாலோ என்னவோ, வெளிநாட்டு டப்பாவின் முகப்பில் மென்மையானது, இயற்கையானது என்று எழுதியிருப்பதை நம்மவர்கள் மருத்துவச் சான்று போல வாசித்துவிடுகிறார்கள்.

ஒவ்வாமைக்கு வருவோம். பசும்பால் புரதத்துக்கு ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு ஆட்டுப்பால் ஃபார்முலா கொடுப்பது இந்த ஒப்பீட்டில் உள்ள மிகப் பெரிய தவறு. இரு பாலின் புரதங்களும் உடலின் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றுதான். 1999-இல் இத்தாலியில் பசும்பால் ஒவ்வாமை கொண்ட 26 குழந்தைகளுக்கு ஆட்டுப்பால் கொடுத்துச் சோதித்தபோது 24 பேரிடம் ஒவ்வாமை வெளிப்பட்டது. மேற்சொன்ன ஐரோப்பிய ஆணையமும், ஆட்டுப்பால் ஃபார்முலாவால் ஒவ்வாமை குறையும் என்று நம்பத்தக்க சான்று இல்லை என்றே சொன்னது. எருமைப்பாலுக்கும் இதே நிலைதான்.

இதன் மறைசெலவு விலைச்சீட்டில் தெரியாது. ஐந்து கிலோ எடையுள்ள, புட்டிப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு ஒரு கிலோவுக்கு 150 மில்லி என்ற கணக்கில் நாளொன்றுக்கு 750 மில்லி தேவை. அதற்கு ஏறத்தாழ 100 கிராம் மாவு செலவாகும். அதாவது 400 கிராம் டப்பா நான்கு நாள் வரும். மாதத்துக்கு ஏழெட்டு டப்பா வேண்டும். ஒரு டப்பாவின் விலையை எட்டால் பெருக்கிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். உறவினரின் பெட்டியில் வரும் நான்கு டப்பா இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும். திறந்த டப்பாவை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. வழங்கல் அறுந்தால் என்ன ஆகும் என்பதை 2022-இல் அமெரிக்காவே கண்டது. ஒரு பெரிய ஆலை மூடியதும் பெற்றோர் கடை கடையாக அலைந்தார்கள், அரசு வெளிநாட்டு ஃபார்முலாக்களுக்கு அவசரமாகக் கதவைத் திறக்க வேண்டியிருந்தது. இறக்குமதியை மட்டும் நம்பி ஒரு பாலைத் தொடங்குபவர் அந்த நெருக்கடியைத் தம் வீட்டுக்குள் கொண்டுவருகிறார்.

அப்படியானால் இது யாருக்கு ஏற்றது? தாய்ப்பாலுக்கு வழியில்லாமல் ஏற்கெனவே ஃபார்முலா குடிக்கும், ஒவ்வாமை அறிகுறி எதுவும் இல்லாத, எடை ஒழுங்காக ஏறும் குழந்தைக்கு, முதல் வழியைச் சரியாகச் செய்து பார்த்த பிறகும் மலம் இறுகலாகவே இருந்தால், ஊரிலேயே தொடர்ந்து கிடைத்தால், விலையும் உறுத்தாவிட்டால், இரண்டு வாரம் முயன்று பார்க்கலாம். தீங்கில்லை.

## மூன்றாம் வழி: பாதி சிதைத்த புரதம் கொண்ட ஃபார்முலா

வெளிநாடுகளில் கம்ஃபர்ட் என்ற பெயரில் விற்கப்படும் இவற்றில் புரதத்தைச் சற்றே துண்டாக்கி, லாக்டோஸையும் ஓரளவு குறைத்திருப்பார்கள். கோலிக்கைக் குறைப்பதற்கான சான்று வலுவற்றது. ஒவ்வாமைக்கு இது உதவாது. பாதி துண்டான புரதத்தையும் உடல் அடையாளம் கண்டுகொள்ளும். ஆட்டுப்பால் ஃபார்முலாவுக்கும் இதற்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால், எது ஊரில் மலிவாகவும் தடையில்லாமலும் கிடைக்கிறதோ அதையே நான் சொல்வேன். கக்கலுக்காக அரிசி மாவுச்சத்தோ காரோப் பசையோ சேர்த்துக் கெட்டியாக்கிய வகையும் உண்டு. அது கக்கும் தடவைகளைக் குறைக்கும், ஆனால் சில குழந்தைகளுக்கு மலத்தை மாற்றிவிடும் என்பதால் மருத்துவர் சொல்லித் தொடங்குவது நல்லது.

## நான்காம் வழி: முழுதும் சிதைத்த புரதம்

பசும்பால் புரத ஒவ்வாமை என்று மருத்துவர் ஐயப்பட்டால் செல்ல வேண்டிய வழி இது ஒன்றே. புரதத்தை உடல் அடையாளம் காண முடியாத அளவுக்குச் சிறு துண்டுகளாக்கிய ஃபார்முலா பெரும்பாலான ஒவ்வாமைக் குழந்தைகளுக்குப் போதும். அதற்கும் அடங்காத சிலருக்கும், மிகக் கடுமையான ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் அமினோ அமிலங்களால் மட்டுமே ஆன வகை தேவைப்படும். இரண்டு முதல் நான்கு வாரம் கொடுத்து, அறிகுறிகள் அடங்குகின்றனவா என்று பார்த்து, பிறகு மருத்துவர் மேற்பார்வையில் பழைய பாலை மீண்டும் கொடுத்து உறுதிசெய்வதே முறை. இந்த இரண்டாம் படியைப் பயந்து தவிர்ப்பவர்கள், இல்லாத ஒவ்வாமைக்கு ஆண்டுக்கணக்கில் விலை கொடுக்கிறார்கள்.

விலைதான் இதன் பெரிய தடை. இங்கே ஒப்பிடும் வழிகளில் அதிகச் செலவு வைப்பது இதுவே. கசப்பும் வாடையும் அடுத்த தடை. இளங்குழந்தை ஏற்றுக்கொள்ளும், சுவை பழகிய ஆறு மாதக் குழந்தை தலையைத் திருப்பிக்கொள்ளும். மலம் பச்சையாக மாறுவது இயல்பு.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு ஒவ்வாமை என்றால் டப்பாவே தேவையில்லை. தாய் இரண்டு முதல் நான்கு வாரம் பால், தயிர், மோர், நெய், பன்னீர், பால் விட்ட காபி, பால்கோவா என எல்லாவற்றையும் விலக்கிப் பார்க்க வேண்டும். நம் சமையலில் இது எளிதல்ல. கடை இனிப்பிலும் பிஸ்கட்டிலும் பால் ஒளிந்திருக்கும். அந்த நாட்களில் தாய்க்குக் கால்சியம் தனியாகத் தேவைப்படும். காரணமில்லாமல் பிரசவித்த பெண்ணைப் பத்தியத்துக்கு மேல் பத்தியம் இருக்க வைப்பதும் சரியல்ல. அறிகுறி இருந்தால் மட்டும் இது.

## ஐந்தாம் வழி: சோயா

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குச் சோயா ஃபார்முலாவை ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் பரிந்துரைப்பதில்லை. பால் ஒவ்வாமை உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்குச் சோயாவும் ஒத்துக்கொள்ளாது. காலக்டோசீமியா என்ற அரிய பிறவிக் குறைபாட்டில் இதற்கு உறுதியான இடம் உண்டு. சாதாரண வாயுத் தொல்லைக்கு இல்லை.

## கறந்த ஆட்டுப்பால்: இதைத் தேர்வாகவே எண்ண வேண்டாம்

ஆடு எல்லாத் தழையையும் மேய்கிறது, ஆகவே அதன் பால் மருந்து என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமானது. காந்தியே ஆட்டுப்பால்தானே குடித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். பசு, எருமைப் பால் அருந்துவதில்லை என்ற விரதத்துக்கு இடையில் அவர் அதை ஏற்றபோது அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. பல் முளைக்காத குழந்தைக்கு அவர் உதாரணமாக மாட்டார்.

கறந்த ஆட்டுப்பாலில் புரதம் 100 மில்லிக்கு மூன்றரை கிராம் அளவு. தாய்ப்பாலில் ஒரு கிராம்தான். இந்தப் புரதத்தையும் உப்புகளையும் வெளியேற்ற முதிராத சிறுநீரகம் திணறும். கோடையில் வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் உடலில் நீர் வற்றிவிடும். நீர் கலந்து கொடுத்தால் ஆற்றல் போதாது. இரும்பு மிகக் குறைவு. இரத்தம் ஊறத் தேவையான ஃபோலேட் என்ற வைட்டமின் ஏறக்குறைய இல்லையென்றே சொல்லலாம். ஆட்டுப்பால் மட்டுமே கொடுத்து வளர்த்த குழந்தைகளுக்கு வந்த இரத்தசோகைக்கு, சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்மானிய மருத்துவர்கள் ஆட்டுப்பால் சோகை என்றே பெயர் வைத்திருந்தார்கள். காய்ச்சாத பாலில் புரூசெல்லா கிருமி வேறு. மால்டா தீவில் பிரிட்டிஷ் படைவீரர்களை வாட்டிய காய்ச்சலின் கிருமியை டேவிட் புரூஸ் 1887-இல் கண்டறிந்தார். அது ஆட்டுப்பால் வழியே வருகிறது என்பது 1905-இல் தெமிஸ்டோக்ளஸ் சாமிட் ஆடுகளைச் சோதித்த பிறகே புலப்பட்டது. காய்ச்சினால் கிருமி சாகும். ஃபோலேட்டும் இரும்பும் வந்துவிடாது. ஒரு வயதுக்குப் பிறகு, மற்ற உணவோடு சேர்த்து, காய்ச்சிய ஆட்டுப்பால் கொடுப்பதில் குற்றமில்லை.

## ஒரே பார்வையில்

| வழி | எதற்கு ஏற்றது | எதற்கு ஆகாது | மறைசெலவு |
|---|---|---|---|
| கொடுக்கும் முறையை மாற்றுதல் | கோலிக், கக்குதல், முக்குதல், தவறான கலவையால் வரும் மலச்சிக்கல் | ஒவ்வாமை | நேரம், தூக்கம், உடன் ஓர் ஆள் |
| ஆட்டுப்பால் ஃபார்முலா | ஃபார்முலா குடிக்கும், ஒவ்வாமையற்ற குழந்தையின் இறுகிய மலத்துக்கு ஒரு முயற்சி | பசும்பால் ஒவ்வாமை, லாக்டோஸ் செரியாமை | விலை, வழங்கல் தடை |
| பாதி சிதைத்த புரதம் | மேற்படி குழந்தைக்கே மாற்று முயற்சி | ஒவ்வாமை | வலுவற்ற சான்றுக்குக் கூடுதல் விலை |
| முழுதும் சிதைத்த புரதம் | பசும்பால் ஒவ்வாமை | சாதாரண அழுகை | மிக அதிக விலை, கசப்பு |
| சோயா | காலக்டோசீமியா | ஆறு மாதத்துக்கு உட்பட்ட வாயுத் தொல்லை | சோயாவுக்கே ஒவ்வாமை வரலாம் |
| கறந்த ஆட்டுப்பால் | ஒரு வயதுக்கு மேல், உணவோடு | ஒரு வயதுக்குக் கீழ் எதற்கும் | சோகை, சிறுநீரகச் சுமை, தொற்று |

## மாற்றுவதென்று முடிவு செய்தால்

முதலில் காத்திருக்கக் கூடாத நிலைகளை ஒதுக்கிவிட வேண்டும். பச்சை நிறப் பித்த வாந்தி, மலத்தில் இரத்தம், ஒவ்வொரு முறையும் பீறிட்டடிக்கும் வாந்தி, உப்பி இறுகிய வயிறு, பால் குடிக்க மறுத்தல், எடை ஏறாமை, நாளுக்கு ஆறு முறைக்கும் குறைவாகச் சிறுநீர் கழித்தல், மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் ஆகிய எதுவொன்று இருந்தாலும் பாலைப் பற்றி யோசிக்காமல் குழந்தையை மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால், மாற்றுவதற்கு முந்தைய ஒரு வாரமே ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள்: அழுத நிமிடங்கள், கக்கிய தடவை, மலத்தின் தன்மை, குடித்த அளவு. பிறகு பாலை மட்டும் மாற்றுங்கள். அதே வாரத்தில் நிப்பிளையும் சொட்டு மருந்தையும் உரைமருந்தையும் சேர்த்து மாற்றினால் நோட்டு எதையும் சொல்லாது. இரண்டு வாரம் கழித்து இரு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, வித்தியாசம் தெரியாவிட்டால் பழைய, மலிவான பாலுக்கே திரும்பிவிடுங்கள். வித்தியாசம் தெரிந்தாலும், ஒவ்வாமை அறிகுறி எதுவுமில்லாத குழந்தைக்கு, மூன்று வாரம் கழித்து மூன்று நாள் பழைய பாலைக் கொடுத்துப் பாருங்கள். தொல்லை திரும்பவில்லையென்றால் அது பாலால் வந்ததல்ல. மாதம் எட்டு டப்பாவின் கூடுதல் விலை மிச்சம்.